எதிராளி இல்லாத கருதுகோள்: ஆய்வேடு எழுதும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு,

உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் ஏடுகளைப் பார்த்திருக்கிறேன். புறத்தேர்வாளர் என்ற பெயரில், ஸ்பைரல் பைண்டிங் செய்த கட்டுகளாக அவை என் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. பிரித்ததும் நான் முதலில் தேடிப் போவது ‘கருதுகோள்’ என்ற உட்தலைப்பை. ஆய்வு நோக்கம், ஆய்வு எல்லை, முன்னாய்வுகள் ஆகியவற்றுக்கு இடையில் இரண்டு வரியில் ஒடுங்கிக் கிடக்கும். அதைப் படித்தாலே மீதி இருநூறு பக்கம் எப்படிப் போகும் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது.

அந்த வரி பெரும்பாலும் இப்படி இருக்கிறது: “இந்நாவலாசிரியர் தம் படைப்புகளில் சமுதாயச் சிக்கல்களை எடுத்துரைத்துள்ளார் என்பதே இவ்வாய்வின் கருதுகோளாக அமைகிறது.” ஆசிரியர் பெயர் மாறும், ‘சமுதாயச் சிக்கல்’ இருக்கும் இடத்தில் ‘பெண்ணியக் கூறுகள்’ வரும், ‘மனித நேயம்’ வரும், இப்போதெல்லாம் ‘சூழலியல் சிந்தனை’ வருகிறது. ஏட்டின் கடைசியில் முடிவுரைக்குப் போனால், கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது என்ற நற்செய்தி காத்திருக்கும். மெய்ப்பிக்கப்படாமல் போவதற்கு அதற்கு வழியே இல்லையே! சமுதாயச் சிக்கல் எதையும் தொடாமல் நாவல் எழுதியவர் ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இந்த மடல் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். தலைப்புப் பக்கத்து ‘ஓர் ஆய்வு’, துணைநூற்பட்டியலின் குளறுபடிகள், ‘வாழ்வும் படைப்பும்’ என்று பிறந்த ஊர் முதல் பெற்ற விருது வரை நீளும் இரண்டாம் இயல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். மைய வாக்கியம் சரியாக இருந்துவிட்டால் இவற்றில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும்.

இந்தக் குறையை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். வாதி நிறுவுவதற்காக முன்வைக்கும் கூற்று பக்கம், அதற்கான காரணம் ஏது, பிறகு எடுத்துக்காட்டு. இவை ஒவ்வொன்றிலும் சரக்கில்லாமல் சரக்குப் போலத் தோன்றுபவை உண்டு, அவை போலிகள். பக்கப் போலி மட்டும் 9 வகை. புலனுக்கு நேரே தெரிவதை மறுத்துப் பேசுவது ஒன்று. தன்னைப் பெற்றவளையே மலடி என்று சொல்வதுபோல, தன் பேச்சே தன்னை அறுத்துக்கொள்வது இன்னொன்று. 9ஆவதாக வருவது அப்பிரசித்த சம்பந்தம்: எதிரி ஏற்கெனவே ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒன்றை அவனிடமே நிறுவிக் காட்டுவது. பொய் சொல்வதும் முரண்படச் சொல்வதும் எந்த வரிசையில் குற்றமோ, அதே வரிசையில் இதையும் வைத்திருக்கிறார் சாத்தனார். யாரும் மறுக்காத உண்மையை மெய்ப்பிக்கப் புறப்படுவது அவர் கணக்கில் வாதமே இல்லை. மணிமேகலையைப் பாடமாகப் படிக்கும் நம்மில் பலர் இந்தக் காதையைத் தாண்டித்தான் போகிறோம். வடசொல் மண்டிக் கிடக்கிறது, தேர்வில் கேட்பதும் இல்லை. ஆய்வேடு எழுதப் போகிறவர்கள் அதை மட்டுமாவது ஒரு முறை உட்கார்ந்து படிக்கலாம்.

அறிவுரை போதும், ஒரு தலைப்பை எடுத்துச் செய்து பார்ப்போம். புதுமைப்பித்தன் அகலிகையை வைத்து இரண்டு கதைகள் எழுதினார். ‘அகல்யை’ 1934இல் வந்தது, ‘சாப விமோசனம்’ 1943இல். இரண்டையும் சேர்த்து ஒரு மாணவி திட்டக்கட்டுரை எழுத உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் கைக்கு வரும் வரி: “புதுமைப்பித்தனின் அகலிகைக் கதைகளில் பெண்ணியக் கூறுகள் காணப்படுகின்றன.”

எதிராளி யார்? ஒருவரும் இல்லை. நெறியாளர் ஓரத்தில் ‘இன்னும் ஆழமாக’ என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். மாணவி பெண்ணியத்தின் தோற்றம், வளர்ச்சி, வகைகள் என்று இருபது பக்கம் சேர்ப்பார். ஏடு தடிக்கும், வரி அப்படியே இருக்கும்.

இரண்டாம் முயற்சி: “புதுமைப்பித்தன் இராமாயணத்தை மறுவாசிப்புச் செய்து, கற்பு என்னும் கருத்தைக் கேள்விக்கு உட்படுத்துகிறார்.” முந்தையதைவிடத் தேவலை. ஆனால் புதுமைப்பித்தன் பெயரை எடுத்துவிட்டு, இராமாயணத்தைத் திருப்பி எழுதிய வேறு யார் பெயரைப் போட்டாலும் இந்த வரி நிற்கும். டிடிபி சென்டரில் ஒரு பட்டனைத் தட்டிப் பெயரை மாற்றி இன்னொரு ஏட்டுக்குக் கொடுத்துவிடலாம். (கொடுக்கிறார்கள்.) போதாக்குறைக்கு, கையில் இருப்பது ஒரு கதையல்ல, இரண்டு. ஒரே ஆள் ஒரே பெண்ணைப் பற்றி ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஏன் மறுபடியும் எழுதினார் என்ற கேள்வி வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. வரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி வேறு வழியில்லை, கதைகளுக்குத்தான் போக வேண்டும். 1934ஆம் ஆண்டுக் கதையில் கௌதமன் சாபமே இடுவதில்லை. கற்பு மனத் தூய்மையில்தான் இருக்கிறது, சந்தர்ப்பம் உடலைக் களங்கப்படுத்தினால் பெண் என்ன செய்வாள் என்ற தெளிவு அவன் மனத்தில்தான் பிறக்கிறது. பெண்களைச் சகோதரிகளாக நினைக்கக் கூடாதா என்று இந்திரனைக் கேட்பவனும் அவனே. பெருந்தன்மையான கணவன்தான். ஆனாலும் தீர்ப்புச் சொல்பவன் அவன், கேட்டுக்கொள்பவள் அவள். 1943ஆம் ஆண்டுக் கதை வேறு முனையில் தொடங்குகிறது. இராமனின் கால் பட்டுக் கல் பெண்ணாகிவிட்டது. விமோசனம் கிடைத்தவள் அதற்குப் பிறகு ஊர் நடுவில் எப்படி வாழ்வது என்பதுதான் கதையே. வனவாசம் முடிந்து வரும் சீதை, தான் தீயில் இறங்கி எழுந்ததைச் சொல்கிறாள். தன்னை ஏற்றுக்கொண்ட இராமனா சீதையிடம் அதைக் கேட்டான் என்று அகலிகை துடித்துப்போகிறாள். ஆளுக்கொரு நீதியா என்று அவள் மனம் கொதிக்கிறது. முடிவில் அவள் மறுபடியும் கல்லாகிறாள், கௌதமன் துறவியாகிறான்.

இப்போது மாணவி எழுதுகிறார்: “1934இல் கௌதமனிடம் இருந்த தீர்ப்புச் சொல்லும் உரிமையைப் புதுமைப்பித்தன் 1943இல் அகலிகைக்கு மாற்றிக் கொடுக்கிறார், அவள் இரண்டாம் முறை கல்லாவது இராமன் மீது அவள் சொல்லும் தீர்ப்பு.”

எதிராளி வந்துவிட்டார்! நல்ல எதிராளி, கதையைக் கவனமாகப் படித்தவர். அவர் சொல்கிறார்: “அம்மா, கடைசிப் பத்தியைப் பாருங்கள். சீதை சொன்ன அந்தக் கணத்தில் அகலிகை கல்லாகவில்லை. பிறகு கௌதமன் அவளை அணைக்கும்போது, அவன் கௌதமன் உருவில் வந்த இந்திரனாகவே அவளுக்குத் தோன்றுகிறான். அப்போதுதான் கல்லாகிறாள். இது இராமன் மீது சொன்ன தீர்ப்பு இல்லை, பழைய காயம் திறந்துகொண்டது.”

மறுப்பு வலுவானது. கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட முடியாது. ‘இருப்பினும்’ என்று ஒரு பத்தியைத் தொடங்கி மழுப்பவும் கூடாது. இந்த இடத்தில்தான் பலரும் பயந்து முதல் வரிக்கே திரும்பி ஓடுகிறார்கள். நம் மாணவி ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கௌதமன் மாறவில்லையே, பிறகு ஏன் அவன் திடீரென்று இந்திரனாகத் தெரிகிறான் என்று யோசிக்கிறார். சீதை சொன்ன சேதிக்கு முன்னால் அகலிகை காலூன்றி நிற்பதற்கு ஓர் இடம் இருந்தது: தன்னை மன்னித்தவன் நீதிமான் என்ற நம்பிக்கை. அது போனபின், மன்னித்த இன்னோர் ஆணின் அணைப்பையும் அவளால் நம்ப முடியவில்லை. இதை வைத்து அவர் எழுதும் நான்காவது வரி: “கௌதமனின் மன்னிப்போடு 1934இல் முடித்துவிட்ட கதையை, மன்னித்தவனின் நேர்மை பொய்த்தால் மன்னிப்பும் செல்லாது என்று 1943இல் புதுமைப்பித்தன் தாமே திருத்தி எழுதுகிறார்.”

எதிராளி நீட்டிய கடைசிப் பத்தி இப்போது மாணவியின் பக்கம் வந்துவிட்டது. அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. இரண்டாவது கதை முதல் கதையைத் திருத்துகிறதா, இல்லை வெறுமனே வேறொரு கதையா என்று இன்னும் அவர் கேட்கலாம். கேட்கட்டும், நான் புறத்தேர்வாளராக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். ஆனால் இந்த வரிக்கு ஒரு முகம் இருக்கிறது. வேறு எந்த எழுத்தாளரின் பெயரையும் இதில் செருக முடியாது. இயல்கள் எப்படி அமைய வேண்டும் என்பதையும் இதுவே சொல்லிவிடுகிறது: முதலில் 1934இன் மன்னிப்பு, அடுத்து விமோசனத்துக்குப் பிந்திய வாழ்க்கை, பிறகு சீதையின் சொல், கடைசியில் அந்த அணைப்பு. ‘பெண்கள், குழந்தைகள், முதியோர்’ என்று பெட்டி பெட்டியாக இயல் பிரிக்கும் வேலை இனி இல்லை. பெண்ணியத்தின் தோற்றமும் வளர்ச்சியும் இருபது பக்கத்திலிருந்து இரண்டு பக்கத்துக்கு வந்துவிடும், ஒருவேளை இல்லாமலே போகலாம்.

‘கற்பு என்பது ஆணாதிக்கம் உண்டாக்கிய கருத்து’ என்று ஆய்வேட்டின் மைய வாக்கியமாக எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதைச் சொல்ல உங்களுக்குப் புதுமைப்பித்தன் எதற்கு? நூல் இல்லாமலே நிற்கக்கூடிய வாக்கியத்துக்கு நூலைச் சான்றாக இழுத்துக்கொண்டு வந்தால், நூல் சும்மா கூடவே நடந்து வரும், அவ்வளவுதான். ‘இவர் தலைசிறந்த படைப்பாளி’ என்பதும் அப்படியே. அது பாராட்டு விழாவுக்கு உரியது.

பெரிய ஆய்வுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். க. கைலாசபதி பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நூலாக வந்தது. சங்கப் பாடல்கள் ஹோமரின் காவியங்களைப் போலப் பாணர் வாய்மொழியாகக் கட்டிய வீரயுகப் பாடல்கள் என்பது அதன் சாரம். இந்த வரி அவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தது: பாட்டுக்குப் பாட்டு திரும்ப வரும் தொடர்களைப் பொறுக்கு, வாய்ப்பாடுகளைக் காட்டு. சங்க இலக்கியத்தின் சிறப்பை ஆராய்கிறேன் என்று அவர் தொடங்கியிருந்தால் அந்தத் தொடர்களின் பக்கம் போயிருக்கவே மாட்டார். ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வந்த தம் நூலில் வேறு பக்கம் நின்றார்: பாடியவர்கள் எழுத்தறிந்த புலவர்கள், பாணரின் பாடல்மரபை முன்மாதிரியாகக் கொண்டவர்கள். இப்போது அதே தொடர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படுகிறது. இருவரும் எதில் முரண்படுகிறார்கள் என்பதை ஒரு மாணவர் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நம் ஏடுகள் இரண்டை எடுத்து அருகருகே வைத்தால் அவை எதில் முரண்படுகின்றன என்று சொல்ல முடிகிறதா?

ஹெர்மன் டீக்கன் 2001இல் இன்னும் துணிந்தார். சங்கப் பாடல்கள் பழங்காலத்தவை அல்ல, 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆதரவில் ஆக்கப்பட்டவை என்றார். அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் மறுக்க வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே தெரிகிறது. கரூர்ப் பக்கம் புகளூருக்குப் போகலாம். அங்கே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரர் பெயரைச் சொல்கிறது. அவை பதிற்றுப்பத்தின் பிற்பகுதிச் சேரர்களோடு பொருந்துவதாக ஐராவதம் மகாதேவன் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். எங்கே அடித்தால் உடையும் என்று தெரிகிற வாக்கியம், தவறாகவே போனாலும், துறையை ஓரடி நகர்த்திவிட்டுப் போகிறது. உடையவே முடியாதது நூலகத்து அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

பத்திரம். இந்த நோய்க்கு மூலம் அதுதான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. ‘எடுத்துரைத்துள்ளார்’ என்று எழுதினால் நெறியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார், புறத்தேர்வாளர் கேள்வி கேட்க மாட்டார், எழுத்தாளர் உயிரோடு இருந்தால் அவரும் மகிழ்வார், வாய்மொழித் தேர்வன்று பொன்னாடை போர்த்த வந்துவிடுவார். மறுத்தால் மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. அப்படியானால் சேனாவரையரை என்ன செய்வது? தமக்கு முந்திய உரையாசிரியரான இளம்பூரணரைச் சொல்லதிகாரத்தில் அவர் எத்தனை இடங்களில் மறுக்கிறார்! வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய நூலின் பெயரே ‘இலக்கண விளக்கச் சூறாவளி’. நன்னூல் பாயிரம் நூலுக்கு உரியவையாக ஏழு மதங்களைச் சொல்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுவது அதில் ஒன்றே ஒன்று. மறுப்பது, ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தான் நாட்டியதை நிறுத்துவது, இருவர் சண்டையில் ஒரு பக்கம் சாய்வது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சேராமல் தனித்து நிற்பது என்று மீதி ஆறும் வாதத்துக்கு உரியவை. நாம் அந்த முதல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

துணிவு என்றதும் மறுகோடிக்குப் போய்விடாதீர்கள். ‘தமிழ் நாவல் வரலாற்றிலேயே முதன்முதலாக’, ‘உலக இலக்கியத்தில் வேறெங்கும் காணமுடியாத’, ‘மட்டுமே’, ‘எப்போதும்’ போன்ற சொற்கள் வரியில் இருந்தால், அந்தச் சொல் அளவுக்கு நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உலக இலக்கியம் பெரியது. இரண்டு கதையைப் படித்தவர் இரண்டு கதையைப் பற்றிச் சொல்லட்டும்; அதில் குறைவொன்றும் இல்லை. ‘உளவியல் நோக்கில்’, ‘பின்நவீனத்துவ நோக்கில்’ என்று ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டாலும் வரி வலுப்பெறாது. எந்தக் கண்ணாடி என்பதைத் தேர்வாளர் கேட்பார்தான். என்ன தெரிந்தது என்பதையும் கேட்பார்.

இந்த வரியை எப்போது எழுதுவது என்று கேட்பீர்கள். ஆய்வுச் சுருக்கம் கொடுக்கும்போதே கருதுகோள் வேண்டும் என்கிறது விதி, அப்போதோ மூல நூலைப் பாதிகூடப் படித்திருக்க மாட்டீர்கள். எம்.ஃபில். இருந்தவரை சின்ன ஏடு ஒன்றில் இதைப் பழகிப் பார்க்க இடம் இருந்தது. 2022ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகளோடு அதுவும் போயிற்று. இப்போது முதுகலைத் திட்டக்கட்டுரைதான் உங்கள் ஒத்திகை. ஆகவே சுருக்கத்தில் தற்காலிகமாக ஒன்றைக் கொடுங்கள், ஆனால் எதிராளி உள்ள ஒன்றாகக் கொடுங்கள். படிக்கப் படிக்க அது மாறும். மாறினால் ஆய்வு தோற்றுவிட்டது என்று சிலர் கலங்குகிறார்கள். மாறவே இல்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்: இவர் மூலத்தைப் படித்தாரா, முன்னாய்வுகளை மட்டும் புரட்டினாரா? கடைசி இயலை முடித்த பிறகு முதல் இயலுக்குத் திரும்பி வந்து, இப்போது உங்களுக்குத் தெரிந்ததை வைத்து வரியைத் திரும்ப எழுதுங்கள். சுருக்கத்தில் கொடுத்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முன்னுரையில் இரண்டு பத்தியில் சொல்லிவிடலாம். ஏடு முழுவதிலும் படிக்கச் சுவையான பகுதி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கினால் என்ன என்று ஓர் இளைஞர் வெளிப்படையாகவே கேட்டார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்தது. கேட்டுப் பாருங்கள், சந்திப் பிழையில்லாமல் வழவழவென்று ஒரு வரி வரும். வந்ததும் மேலே சொன்ன எதிராளியைக் கூப்பிட்டு அதன் முன்னால் நிறுத்துங்கள். அவர் கொட்டாவி விட்டால் வரி தேறவில்லை.

நெறியாளர்களுக்கு இந்த மடலில் இடமில்லை, ஆனாலும் ஒரு சொல். மாணவர் எழுதி வரும் வரி உங்கள் நூலையே மறுப்பதாக இருந்தால், ‘இது வேண்டாமே’ என்பதற்கு முன்னால் ‘எந்தப் பக்கத்தில்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் வாய்மொழித் தேர்வன்று ஒன்று நடக்கும். புறத்தேர்வாளர் ஏட்டை மூடி வைத்துவிட்டு, “உங்கள் கருதுகோளை நான் ஏற்கவில்லை” என்பார். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் முகம் வாடும், உங்கள் நெறியாளர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். நீங்கள் “ஐயா சொல்வதும் சரிதான், திருத்திக்கொள்கிறேன்” என்று உடனே கும்பிட்டுவிட வேண்டாம். அவர் எந்தச் சான்றை வைத்து மறுக்கிறார் என்று பணிவாகக் கேளுங்கள். அந்தச் சான்றை நீங்கள் மூன்றாம் இயலில் ஏற்கெனவே எடுத்துப் பேசியிருந்தால் பக்க எண்ணைச் சொல்லுங்கள். பேசவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள். நூலாக்கும்போது அது வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஏடுகளைப் படிக்கும் ஒரு தமிழாசிரியர்